மாமனார் போனில் சார்ஜ் நிற்பதில்லை

1

இந்தக் கதை என் கணவர் விக்ரமின் புலம்பலிலிருந்து திருடியது.

"அப்டேட் போட்டதுலேர்ந்து அப்பா போன் மத்தியானத்துக்குள்ள ஆஃப் ஆயிடுது, வித்யா."

என் மாமனார் சேக்காட்டில் தனியாக இருக்கிறார். போன வருடம் நெஞ்சுவலி வந்தது. அதிலிருந்து அவர் எங்கே போகிறார், எங்கே நிற்கிறார் என்று முகப்பேரில் எங்கள் வீட்டில் உட்கார்ந்தபடி விக்ரம் மேப்பில் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நீலப் புள்ளி. அது காணாமல் போனால் இவருக்குச் சோறு இறங்காது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தொழில்நுட்பம் மனிதனை..." வேண்டாம். எனக்கே கொட்டாவி வந்தது.

2

கதைக்கு ஏதாவது கிடைக்குமென்று புதன்கிழமை சேக்காட்டுக்குப் போனேன். மாமா கதவைத் திறந்தார். பட்டப்பகலில் அவர் சட்டைப்பைக்குள்ளிருந்து வெளிச்சம்.

"மாமா, போன்ல டார்ச் எரியுது."

"தெரியும்மா."

அப்டேட் போட்ட முதல் சில நாள் பேட்டரி நிஜமாகவே இறங்கியதாம். பிறகு தானாகச் சரியாகிவிட்டதாம். சரியானதுதான் அவருக்குப் பிரச்சினை.

"டீக்கடையில நின்னா ஒடனே போன் பண்றான், ஏம்ப்பா நின்னுட்டீங்கன்னு. நிக்கிறதுக்குக்கூடக் காரணம் சொல்லணுமா? அந்த நாலு நாள் நிம்மதியா நின்னேம்மா."

[வீட்டுக்கு வந்து என் போனிலும் டார்ச் போட்டுப் பார்த்தேன். சார்ஜ் மெதுவாகத்தான் இறங்குகிறது. மத்தியானத்துக்குள் அணைய வேண்டுமென்று மனிதர் காலையில் எழுந்ததுமே போட்டுவிடுகிறார் போல.]

3

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். விஷயம் தெரிந்தால் விக்ரம் சேக்காட்டு வீட்டைப் பூட்டி, அவரை எங்கள் மூன்றாவது மாடிக்குக் கொண்டுவந்துவிடுவார். தெரியாமலே இருந்து, அணைந்த போனோடு மாமா எங்காவது விழுந்து... இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

முடிவு அ: கதையில் மாமனாரை எதிர்வீட்டுப் பெரியவராக மாற்றிவிடலாம். (விக்ரம் அவ்வளவு அப்பாவி இல்லை.)

முடிவு ஆ: புதுப் போன் வாங்கித் தரலாம். (அதிலும் டார்ச் இருக்கும்.)

4

இதை எழுதும்போது விக்ரம் எதிரே உட்கார்ந்திருக்கிறார். புள்ளி இப்போதுதான் காணாமல் போனது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறார்.

"அப்பா பத்தின கதைதானே? முடிச்சிட்டியா? குடு, படிக்கிறேன்."

என் கதைகளை முதலில் படிப்பவர் அவர்தான். இந்தத் தடவை நீங்கள் முந்திக்கொண்டீர்கள். இரண்டாம் பகுதியிலிருந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுக்கட்டுமா, அப்படியே கொடுக்கட்டுமா? சீக்கிரம் சொல்லுங்கள், கையை நீட்டிவிட்டார்.