ஒற்றை விசில்

பிரேக்கை மிதித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்த பிறகு அருமைநாயகம் இரண்டு காதுகளிலிருந்தும் மிஷினைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். அதற்கப்புறம்தான் கீழே இறங்கினார். அதற்குள் மினி பஸ்ஸின் பின்பக்கம் ஆள் கூடிவிட்டது. மிஷின் இருந்தவரைக்கும் காதுக்குள்ளேயே நின்று அலறிய கூட்டம், கழற்றியதும் சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கிற சண்டை மாதிரி மங்கிப்போனது. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் பேச்சித்தாய் தரையில் உட்கார்ந்திருந்தாள். மங்குஸ்தான் விற்கிறவள். சீசன் தொடங்கினால் தினமும் காலையில் தென்காசியில் ஏறி, இரண்டு கூடைகளோடு மெயின் அருவி ஸ்டாப்பில் இறங்குவாள். அவள் அழவில்லை. சேலையை இழுத்து வலது காலை மூடுவதிலேயே குறியாக இருந்தாள். மூடிய சேலைக்கு அடியில் பாதம் இருக்க வேண்டிய இடம் தட்டையாகக் கிடந்தது.

கண்டக்டர் மன்சூர் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு யாரிடமோ ஆட்டோ கேட்டுக் கத்திக்கொண்டிருந்தான். நடுவில் தலையைத் தூக்கி அருமைநாயகத்தைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை, காதைத்தான் பார்த்தான். வலது காது, பிறகு இடது காது. பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

கழுத்தைச் சுற்றிய துண்டை இழுத்துக் காதை மூடியபடி அருமைநாயகம் பஸ்ஸில் சாய்ந்து நின்றார். சாரல் விழுந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவன் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கி எதையோ கேட்டான். அடிக்கப்போகிறான் என்பது மட்டும் விளங்கியது. அடி விழுந்தபோது அதிலும் பெரிதாகச் சத்தம் வரவில்லை.

காது ஒரே நாளில் போகவில்லை. இடது முழங்காலுக்குப் பக்கத்திலேயே இன்ஜின் கொதிக்கிற வண்டிகளை இளவயதிலிருந்து ஓட்டியவர் அவர். முதலில் மெல்லிய சத்தங்கள் போயின. அப்புறம் பெண்களின் குரல் போயிற்று. பேச்சில் பாதி எழுத்துகள் உதிர்ந்து, மீதியை அவராக இட்டு நிரப்பிக்கொண்டார். மனைவி ஜெஸி அடுக்களையிலிருந்து பேசினால் பதில் வராது. அவள் முதலில் கோபப்பட்டாள், பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். இதெல்லாம் வீட்டுக்குள் நடந்தது. வெளியே யாருக்கும் தெரியாது, மன்சூரைத் தவிர. பக்கத்தில் நின்று டிக்கெட் கிழிக்கிறவனிடம் எதை மறைக்க முடியும்?

மகள் ஷாரோன் ஊரிலிருந்து வந்து பிடிவாதம் பிடித்ததால்தான் தென்காசியில் காது மிஷின் வைக்கிற கிளினிக்குக்குப் போனார். அங்கே ஷெர்லின் என்கிற பெண் கண்ணாடி அறைக்குள் அவரை உட்காரவைத்துப் பரிசோதித்தாள். வெளியே வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"ஐயா என்ன வேலை பாக்கீங்க? உங்களுக்கு எங்கங்க காது வேணும்னு தெரிஞ்சாத்தான் அதுக்குத் தக்கன வைக்க முடியும்."

"பலசரக்குக் கடை."

கூட வந்திருந்த ஜெஸி சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்தாள். பஸ் டிரைவர் என்று சொன்னால் அந்தப் பெண் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள், கம்ப்யூட்டரில் ஏறினது எங்கே வேண்டுமானாலும் போகும், ஒருநாள் லைசென்ஸ் புதுப்பிக்கிற இடத்தில் வந்து நிற்கும். அப்படித்தான் அருமைநாயகம் கணக்குப் போட்டிருந்தார். ஆகவே ஷெர்லின் ஒரு பலசரக்குக் கடைக்காரரின் காதைத் தயார்செய்தாள். முன்னால் நின்று பேசுகிறவர்களின் குரலைத் தூக்கிவைத்தாள், மற்றச் சத்தங்களைக் கீழே இறக்கினாள்.

நன்றாகத்தான் இருந்தது. முதல் இரண்டு வாரம் தலைவலித்தது. தட்டில் கரண்டி படுவது பொறுக்க முடியாத சத்தமாக இருந்தது. ஷெர்லின் சொன்னபடி விடாமல் போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் காது படிந்தது. ஒரு நாள் காலையில் ஜெஸி அடுக்களையில் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டே சீனி டப்பாவைத் தேடுவது கேட்டது. "மேல் தட்டுல இருக்குட்டி" என்று இங்கிருந்தே சொன்னார். அவள் வெளியே வந்து, ஈரக்கையோடு அவரைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

ஒரு தொல்லை இருந்தது. சாரலுக்காகத் துண்டைக் காதோடு சுற்றினால் மிஷின் கீச்சென்று கத்தியது. முன்சீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் எங்கே சத்தம் என்று திரும்பிப் பார்த்தார்கள். திரும்பவும் கிளினிக்குக்குப் போனார். ஷெர்லின் கம்ப்யூட்டரில் எதையோ ஏற்றி இறக்கினாள்.

"இனி மிஷின் தானா விசிலடிச்சா அதுவே கண்டுபிடிச்சு அமுக்கிரும் ஐயா. ஆனா ஒண்ணு. வெளிய இருந்து வர்ற விசிலையும் சில நேரம் தன் சத்தம்னு நினைச்சு அமுக்கும். அதுல உங்களுக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லையே?"

"கடையில யாரு விசிலடிக்கப் போறா?"

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

மறுநாள் காலை பழைய பஸ் ஸ்டாண்டில் ஆள் ஏற்றிக்கொண்டு நின்றபோது மன்சூர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தான். "என்ன அண்ணாச்சி, மூணு மட்டம் ரெண்டு விசில் குடுத்துட்டேன். வண்டி இங்கனயே நிக்கி. கோவமா?" அருமைநாயகம் அவனை ஊதச் சொன்னார். மன்சூர் பக்கத்தில் நின்றே ஊதினான். கன்னம் உப்பியது. நுனியில் ஏதோ ஒரு நடுக்கம் போலக் கேட்டு உடனே மறைந்தது. மன்சூர் பேசுவது கேட்டது, முன்சீட்டுக் குழந்தை சிணுங்குவது கேட்டது, விசில் மட்டும் இல்லை.

"அந்தப் பிள்ளைட்ட போயி பஸ் ஓட்டுதேன்னு உள்ளதச் சொல்லுங்க. மாத்தித் தரும்லா" என்றான் மன்சூர், டீக்கடையில்.

"சீசன் முடியட்டும்லே. இப்பம் லீவு கேட்டா முதலாளி வேற ஆளப் போட்டுருவாரு."

"அதுவரைக்கும் இந்த விசில வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய? நாயக் கூப்பிடவா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு மன்சூர்தான் வழி சொன்னான். புறப்படச் சொல்லி பஸ்ஸின் தகரத்தில் பலமாக இரண்டு தட்டு. அந்த அதிர்வு அவருக்கு மிஷின் இல்லாமலே கேட்கும், முதுகில் உறைக்கும். பேருக்கு விசிலும் ஊதிக்கொள்வான், ஜனம் சந்தேகப்படாமல் இருக்க. நிற்பதற்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டார்கள். தட்டுவதற்குத் தகரம் கைக்கெட்டாவிட்டால் என்ன செய்வது என்று இருவருமே யோசிக்கவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று எங்கிருந்தெல்லாமோ வந்து குவிந்திருந்தார்கள். படியில் ஈர டவுசரோடு வெளியூர்ப் பையன்கள் தொங்கினார்கள். பேச்சித்தாய் ஒரு கூடையை இறக்கிவைத்துவிட்டு அடுத்த கூடைக்காகப் படியில் கையை நீட்டியிருக்கிறாள். தொங்கியவர்களில் ஒருவன், விளையாட்டுக்கோ அவசரத்துக்கோ, "போலாம் ரைட்" என்று தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினான். அருமைநாயகம் கிளட்சை விட்டார். கூட்டத்துக்கு நடுவில் சிக்கியிருந்த மன்சூருக்குத் தகரம் எட்டவில்லை. வாயில் இருந்த விசிலை ஊதினான். நிற்கச் சொல்லும் ஒற்றை விசில். நீளமாக, மூச்சு முட்ட, திரும்பத் திரும்ப. பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது. ஆட்கள் கத்திய பிறகுதான் பஸ் நின்றது. தட்டியவன் இறங்கி அருவிக் கூட்டத்தில் கலந்துவிட்டான்.

பேச்சித்தாயை ஆட்டோவில் தென்காசி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டிரைவரையும் கண்டக்டரையும் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தார்கள்.

மத்தியானம் முதலாளி பெஞ்சமின் வந்தார். வராந்தா பெஞ்சில் அருமைநாயகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்துக்கு நேராகக் குனிந்து பேசினார். அவருக்கு மிஷின் விஷயம் தெரியாது. பேச்சு முக்கால்வாசி போய்ச்சேரவில்லை. கடைசியில் அவர் கையைத் தாழ்த்தி, தொடைக்குப் பக்கத்தில் இரண்டு விரலை நீட்டிக் காட்டினார். அது போய்ச்சேர்ந்தது. விசில் இரண்டு. கண்டக்டர் புறப்படச் சொன்னான், டிரைவர் புறப்பட்டார், அப்படித்தான் சொல்ல வேண்டும்.

வராந்தாவின் அடுத்த கோடியில் மன்சூர் நின்றிருந்தான். அவன் சட்டைக் கையில் அவளுடைய ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அவன் வாயைத் திறந்தால் போதும். இவருக்குக் காது கேட்காது சார், பைக்குள் மிஷின் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். அவ்வளவுதான். இரண்டு மணி நேரமாக அவன் அதைச் சொல்லவில்லை. நீங்களே சொல்லுங்கள் என்று விட்டு வைத்திருக்கிறான் என்பது அருமைநாயகத்துக்குப் புரிந்தது. மிஷின் சட்டைப் பைக்குள் நெஞ்சின்மேல் இரண்டு பயறு மாதிரி உறுத்தியது.

இன்ஸ்பெக்டருக்கு அடர்ந்த மீசை. மேலுதடே தெரியவில்லை. பேப்பரைப் பார்த்துக்கொண்டே பேசினார். அருமைநாயகம் அந்த மீசையையே உற்றுப் பார்த்தார். அது அசைந்தது, நின்றது. பதில் எதிர்பார்க்கிறார் என்று தெரிந்தது. என்ன கேட்டார் என்று தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "என்னவே, செவிடா நீ?" என்று அவர் போட்ட சத்தம் இவருக்கே கேட்டது.

மன்சூர் ஓரடி முன்னால் வந்தான். "சளி சார் அவருக்கு. ஒரு வாரமா சாரல்ல நனைஞ்சு காது அடைச்சிக்கிட்டு." பிறகு அருமைநாயகத்தின் பக்கம் திரும்பி, உரக்கச் சொன்னான். "அண்ணாச்சி, எடுக்கும்போது விசில் கேட்டுச்சா, எத்தனை கேட்டுச்சுன்னு கேக்காவ."

தெளிவாகக் கேட்டது. இட்டு நிரப்பிக்கொள்ள ஒன்றுமில்லை. இடைவெளி எங்கேயும் இல்லை. மன்சூரின் கண் அவர் முகத்திலேயே நின்றது. லைசென்ஸ் போகும். அதற்கப்புறம் இந்த வயதில் எங்கே போய் எந்த வண்டியை எடுப்பது? ஜெயிலுக்கும் போகலாம். கடைக்காரர் என்று பொய் சொன்னதும் வெளியே வரும், ஷெர்லின் வந்து நிற்பாள். மன்சூருக்கு என்ன போகும்? அவனுக்கும் லைசென்ஸ்தான் போகும். சின்ன வயசு, வளைகுடாவில் மச்சான்மார் இருக்கிறார்கள், எப்படியும் பிழைத்துக்கொள்வான். இந்தக் கணக்கு அவ்வளவு வேகமாக ஓடி முடிந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"கேட்டுச்சு சார்" என்றார். "ரெண்டு விசில்."

இன்ஸ்பெக்டர் எழுதச் சொன்னார். ஏட்டு எழுதினார். முன்னால் வைத்த ஓரடியை மன்சூர் பின்னால் எடுத்துக்கொண்டான். பிறகு அவனைத் தனியாக உள்ளே கூப்பிட்டார்கள். அங்கே அவன் என்ன சொன்னான் என்று வராந்தாவில் இருந்தவருக்குக் கேட்கவில்லை. மிஷினைப் போட்டிருந்தால் கேட்டிருக்கும், நடுவில் கதவுகூட இல்லை. அவர் போடவில்லை. கூப்பிடும்போது இரண்டு பேரும் வர வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, சாயங்காலம் ஜாமீனில் விட்டார்கள். முதலாளி காரில் ஏறிப் போய்விட்டார்.

அருமைநாயகம் வாசலுக்கு வந்தபோது மன்சூர் தன் பைக்கின் பக்கத்தில் நின்றிருந்தான். அவன் மச்சான் பாரூக் அதைக் கொண்டுவந்து விட்டுப் போயிருந்தான். சாரல் விடவில்லை. ரோட்டில் ஈரத் தலையோடு குடும்பங்கள் அல்வாப் பொட்டலங்களோடு போய்க்கொண்டிருந்தன. ஏதாவது சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் போய் நின்றார்.

மன்சூர்தான் பேசினான். இத்தனை வருஷமும் அவரிடம் பேசுவதென்றால் அவன் முகத்தை அவருக்கு நேராகத் திருப்பிக்கொள்வான், வெற்றிலை போட்டிருந்தால் துப்பிவிட்டு வருவான். இன்று பெட்ரோல் டேங்கைப் பார்த்துக்கொண்டே பேசினான். உதடு பாதிதான் தெரிந்தது. மெதுவாகவும் பேசவில்லை, உரக்கவும் பேசவில்லை, சாதாரணமாகக் காது கேட்கிற ஒருவனிடம் பேசுகிற மாதிரி பேசினான். நிறையப் பேசினான். நடுவில் ஒருமுறை கையை நெஞ்சில் வைத்தான், ஒருமுறை ஸ்டேஷன் பக்கம் காட்டினான். அருமைநாயகத்தின் கை சட்டைப் பையைத் தொட்டது. வாசலில் நின்ற போலீஸ்காரர் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கையை எடுத்துவிட்டார்.

மன்சூர் நிறுத்தினான். இப்போதுதான் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான். எதையோ கேட்டிருக்கிறான்.

என்ன கேட்டான் என்று தெரியாமலே அருமைநாயகம் தலையாட்டினார், சரி என்று.

மன்சூரின் முகத்தில் ஏதோ ஒன்று இளகியது, அல்லது விட்டுப்போனது. அவன் நம்பாதவன் போல இன்னொரு வார்த்தை கேட்டான். அவர் அதற்கும் தலையாட்டினார். அவன் பைக்கில் ஏறி உதைத்து ஸ்டார்ட் செய்தான். வண்டி தென்காசி ரோட்டைப் பார்த்து நின்றது. அந்த ரோட்டில்தான் அவர் வீடும் இருக்கிறது, பேச்சித்தாயைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியும் இருக்கிறது. மன்சூர் சீட்டில் முன்னால் நகர்ந்து இடம்விட்டான். பின்பக்க சீட்டில் தேங்கியிருந்த தண்ணீரை உள்ளங்கையால் வழித்துத் தள்ளினான், தள்ளத் தள்ளத் தூறல் நனைத்துக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தான்.