நீர் புகாத காற்சட்டை

கடைக்காரன் இரண்டு காற்சட்டைகளை மேசையில் விரித்து ஒவ்வொன்றையும் நகத்தால் சுரண்டிக் காட்டினான். முதலாவது சத்தம் போடவில்லை. கம்பளியைத் தடவியது போலிருந்தது. இரண்டாவது சரக்கென்றது. பரராசசிங்கம் குனிந்து தானும் ஒருமுறை சுரண்டிப் பார்த்தார். அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். இன்னொரு முறையும் சுரண்டினார்.

"அப்பா, காணும்," என்றாள் மிதுஷா.

முப்பது வருடத்துக்கு மேல் வுப்பர்டாலில் இருந்தும் பரராசசிங்கத்தின் ஜெர்மன் மொழி பஸ் டிப்போவைத் தாண்டியதில்லை. அங்கே பஸ் கழுவினார். அதற்கு அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. ஆகவே கடைக்காரன் மிதுஷாவைப் பார்த்தே பேசினான். முதலாவது துணிக்கு நடுவில் மெல்லிய சவ்வு இருக்கிறது. மழைத்துளி உள்ளே வராது, உடம்பின் ஆவி வெளியே போய்விடும். வேட்டைப் பரணில் மணிக்கணக்காக அசையாமல் இருந்து மான் பார்க்கிறவர்களுக்கு இதுதான் சரி. இரண்டாவது ரப்பர் போலப் பூச்சுப் பூசியது. நாய்களோடு முட்பற்றைக்குள் இறங்குகிறவர்கள் போடுவது. நெஞ்சு வரை ஏறும், தோளில் இரண்டு பட்டி. வெளியேயிருந்து ஒரு துளி உள்ளே போகாது. உள்ளேயிருந்து ஒரு துளி வெளியே வரவும் மாட்டாது. "பரணில் இருப்பதற்கென்றால் இதை எடுக்காதீர்கள், கால் அசைத்தாலே காட்டுக்குக் கேட்கும்," என்றான்.

"என்னவாம் பிள்ளை?"

"ரெண்டும் நல்லதாம் அப்பா. போட்டுப் பாருங்கோ."

அவர் ஒரு பையும் கொண்டு வந்திருந்தார். அதற்குள் டிப்போவில் கொடுத்த மழைக்கோட்டு, செம்மஞ்சள் நிறம், முதுகில் கம்பனியின் பெயர். இது இருக்கப் புதிது எதற்கு என்று வீட்டிலேயே கேட்டுப் பார்த்தார். மிதுஷா காரை எடுத்துக்கொண்டு நேரே இந்தக் கடைக்கு வந்துவிட்டாள்.

அவள் யான் என்ற ஜெர்மன் பெடியனைக் கட்டப்போகிறாள். யானின் தகப்பன் ஹின்ரிஹ் வடக்கே, லேயர் நகரத்துக்கு அப்பால், கடல்மட்டத்தோடு கிடக்கும் ஒரு கிராமத்தில் இருக்கிறார். அவர் வாய்ப்பேச்சை நம்புகிற மனிதரல்ல. குடும்பத்துக்குள் வருகிற எந்த ஆணையும் ஒருமுறை தன் பரணில் பக்கத்தில் இருத்திப் பார்ப்பார். அவன் எப்படி இருக்கிறான் என்பதை வைத்துத்தான் அவர் கணக்கு. யானின் அக்காவின் முதல் புருஷன் அங்கே தும்மிவிட்டான். அவன் பிரிந்து போயே பத்து வருடமிருக்கும். ஆனாலும் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் சாப்பாடு முடிந்ததும் ஹின்ரிஹ் அடுப்போரத்துக் கதிரையில் போயிருந்து, இல்லாத துவக்கை மடியில் வைத்து, அவனாக மாறுவார். மான் வெளியே வரும். மூக்கு விரியும். கண் சொருகும். பிறகு அந்தத் தும்மல். வீடே சிரிக்கும். போன நத்தாரில் மிதுஷாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திரும்பி வரும்போது, ஓட்டோபான் நெடுஞ்சாலையில், சிரிப்பு அடங்கிய ஒரு கணத்தில், அந்தக் கதிரையில் ஹின்ரிஹ் அவளுடைய அப்பாவாக மாறியிருப்பது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தச் சின்னத் தோள். அந்த வளைந்த கால். எதற்கெடுத்தாலும் அவர் சொல்லும் அந்த "யா, யா".

பரராசசிங்கத்துக்கோ பெருமை தாங்கவில்லை. சம்பந்தி தன்னை வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார் என்று ஊன்ட்றொப் அம்பாள் கோயிலில் கண்ட ஆட்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

சத்தமில்லாத காற்சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் திரையை விலக்கி வெளியே வந்தார். மிகச் சிறிய அளவுகூட அவருக்குப் பெரிது. காலை இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருந்தார். பின்புறம் முழங்காலை நோக்கித் தொங்கியது. யாரோ ஒருவருடைய உடுப்பை இரவல் வாங்கிப் போட்ட சின்னக் கிழவன் கண்ணாடிக்குள் நின்று மகளைப் பார்த்துச் சிரித்தான். அவளுக்கு முகம் சுட்டது. கடைக்காரன் பக்கம் பார்க்காமல் மற்றதை எடுத்து நீட்டினாள். அது குட்டை அளவிலும் இருந்தது. பட்டியை இழுத்துவிட்டதும் உடம்போடு நின்றது. கரும்பச்சை. ஹின்ரிஹ் வீட்டுச் சுவரில் தொங்கும் படங்களில் உள்ள ஆண்களைப் போல, கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் கட்டையாக, ஆனால் அவர்களைப் போல.

பரராசசிங்கம் கையால் முன்பக்கத்தைத் தடவித் தேடினார். பிறகு மகளுக்குக் கிட்ட வந்தார்.

"பிள்ளை, இந்தக் களிசானுக்கு முன்னாலை திறக்க ஒண்டும் இல்லை."

"மெதுவாக் கதையுங்கோ."

"இல்லை, ஒண்டுக்கு வந்தால் கோட்டைக் கழட்டி, பட்டியைக் கழட்டி..."

"ரெண்டு மணித்தியாலம் அடக்க ஏலாதே அப்பா? சின்னப் பிள்ளையே நீங்கள்?"

அவர் சிரித்தார். "ஏலும், ஏலும்," என்றார்.

போகிற நாள் சனிக்கிழமை. கந்தசஷ்டி விரதமென்று மிதுஷாவின் தாய் குணேஸ்வரி வரவில்லை. விரதத்தோடு வேட்டைக்காரர் வீட்டில் கை நனைக்க அவளுக்கு மனமில்லை. காரின் கண்ணாடியைத் தட்டித் திறக்கச் செய்து மகளிடம் மட்டும் சொன்னாள்: "கொப்பருக்குச் சீனி வருத்தம். மணித்தியாலத்துக்கு ஒருக்கா அவருக்குச் சலம் போகவேணும். வாய் திறந்து கேக்கமாட்டார். நீதான் பாக்கவேணும்."

"ஓம் அம்மா, எனக்குத் தெரியாதே?"

வழி முழுக்க மழை. யான் காரோட்ட, மிதுஷா பின்னால் திரும்பி அப்பாவுக்குப் பாடம் நடத்தினாள். இருமாதேங்கோ. கதையாதேங்கோ. அவர் கையைக் காட்டினால் பாருங்கோ, இல்லாட்டில் அசையாதேங்கோ. சாப்பிட, குடிக்க என்ன தந்தாலும் வேண்டாமெண்டு சொல்லாதேங்கோ. பரராசசிங்கம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், "அப்ப மூச்சு விடலாமோ?" என்று கேட்டார். யானுக்கு அதை மொழிபெயர்த்தபோது அவன் உரக்கச் சிரித்தான். மிதுஷா சிரிக்கவில்லை.

ஹின்ரிஹின் ஊர்ப் பக்கத்தில் தேத்தண்ணி என்பது ஒரு சடங்கு. மெல்லிய பீங்கான் கோப்பையின் அடியில் கட்டிக் கற்கண்டு. சூடான தேயிலைச் சாயம் விழும்போது அது படீரென வெடிக்கும். மேலே ஒரு துளி பாலாடை. கோப்பை சின்னது. குடித்து முடித்தால் வீட்டுக்காரி மறுபடி ஊற்றுவாள். மறுபடியும் முடித்தால் மறுபடியும் ஊற்றுவாள். போதும் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. கோப்பைக்குள் கரண்டியை வைத்துவிட வேண்டும். அதுதான் போதும் என்பதற்கு அடையாளம். முதல் முறை வந்தபோது யான் இதை மிதுஷாவுக்கு மேசைக்கடியில் காலை மிதித்துச் சொல்லிக் கொடுத்தான்.

பரராசசிங்கம் காற்சட்டையையும் மேல்கோட்டையும் போட்டு, சப்பாத்தும் கட்டி, புறப்படத் தயாராக மேசையில் இருந்தார். வந்ததும் போடச் சொன்னது மிதுஷாதான். அவர்கள் அவரை முதலில் அந்தக் கோலத்தில் பார்க்க வேண்டுமென்று. யாழ்ப்பாணத்துக்காரருக்கு, ஊற்றித் தந்ததை மிச்சம் விடுவது வீட்டுக்காரியை அவமதிப்பது. அவர் ஒவ்வொரு கோப்பையையும் அடிவரை குடித்து, கற்கண்டையும் கடித்து, கரண்டியைத் தட்டில் ஒழுங்காக வைத்துவிட்டு, "குட், குட்," என்றார். யானின் தாய் மகிழ்ந்து மறுபடி ஊற்றினாள். மூன்று. நான்கு. ஹின்ரிஹ் தன் கோப்பையில் கரண்டியைப் போட்டு எப்போதோ முடித்திருந்தார். "எங்கள் தேநீர் இவருக்குப் பிடித்திருக்கிறது," என்றாள் தாய். மிதுஷாவின் கை மேசை விளிம்பில் இருந்தது. நீட்டினால் அப்பாவின் கரண்டி எட்டும். ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது கோப்பை. ஆறாவது.

"பிள்ளை," என்றார் அவர் தமிழில், புன்னகை மாறாமல், "நான் ஒருக்கா உள்ளுக்கை..."

அப்போது ஹின்ரிஹ் எழுந்தார். சன்னலைப் பார்த்தார். வெளிச்சம் போகப்போகிறது என்றார். துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றார். கோட்டைக் கழற்றி, பட்டியைக் கழற்றி, உள்ளே போய், திரும்ப வந்து எல்லாம் போட எத்தனை நிமிடமாகும் என்று மிதுஷாவின் மனம் கணக்குப் போட்டது.

"திரும்பி வந்தாப்பிறகு போங்கோ அப்பா. அவர் நிக்கிறார்."

பரராசசிங்கம் மகளைப் பார்த்தார். நீண்ட பார்வையில்லை. "சரி," என்றார்.

முற்றத்தில் அவர் நடந்தபோது காற்சட்டை சரக் சரக்கென்றது. ஹின்ரிஹ் திரும்பி, விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். அதன்பிறகு பரராசசிங்கம் கால்களை அகட்டி, தொடையோடு தொடை உரசாமல், தண்ணீருக்குள் நடப்பவர் போல நடந்து போனார். யான் சன்னலில் நின்று பார்த்துச் சிரித்தான். கெட்ட சிரிப்பல்ல.

மழை விடவில்லை. வெளிச்சம் மெல்ல மங்கிக்கொண்டு வந்தது. மிதுஷா யானின் தாயோடு சிவப்பு முட்டைக்கோவா அரிந்தாள். கல்யாணச் சாப்பாட்டைப் பற்றி, சேலையைப் பற்றி, தாய் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கண் மணிக்கூட்டில் இருந்தது. ஒரு மணித்தியாலம் போனது. இன்னொன்றும் போனது. கீழே இறங்கியிருப்பார், மரத்தோடு ஒதுங்கியிருப்பார், ஆம்பிளைகள்தானே என்று நினைத்துக்கொண்டாள். தூரத்தில் ஒரு வெடி கேட்டது. தாய் கத்தியை நிறுத்தி, "நல்லது," என்றாள்.

அவர்கள் பின்வாசலால் வந்தார்கள். முதலில் நாய், பிறகு ஹின்ரிஹ், முகமெல்லாம் சிவந்து, தொப்பியிலிருந்து தண்ணீர் வடிய. ஒரு பெட்டை மான், வெளியே தொங்குகிறது என்றார். பரராசசிங்கத்தின் தோளில் கையைப் போட்டார். "இப்படி ஒரு மனிதனை நான் கண்டதில்லை. ஒரு கட்டை. வேலித்தூண். இத்தனை வருடத்தில் என் பரணில் இப்படி ஒருவரும் இருந்ததில்லை. அந்தச் சனியன் பிடித்த காற்சட்டையிலிருந்து ஒரு சத்தம்? ஒன்றுமில்லை."

மிதுஷா தாவிப்போய் யானின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் எல்லோரும் ஈரத்தைக் கழற்றினார்கள். பரராசசிங்கம் மட்டும் கதவோடு ஒட்டி நின்றார். உதடு நீலம் பாரித்திருந்தது. கோட்டைக் கழற்றினார்; உள்ளே சுவெற்றர் காய்ந்திருந்தது. காற்சட்டையைக் கழற்றவில்லை.

"கழட்டுங்கோ அப்பா."

"பரவாயில்லை பிள்ளை. நான் இப்பிடியே இருக்கிறன்."

"இதோடை மேசையிலை இருக்க ஏலாது. கழட்டுங்கோ."

"நாங்கள் வீட்டை போவமோ? எனக்குக் கொஞ்சம் ஏலாமல் கிடக்கு."

"இவ்வளவு தூரம் வந்து சாப்பிடாமல் போறதே? எல்லாரும் பாக்கினம்."

அவள் குனிந்து, சப்பாத்தை இறுக்கியிருந்த காற்சட்டையின் கால் ஸிப்பைப் பிடித்தாள். அவர் அவள் கையைப் பிடித்தார். அவருடைய விரல்கள் ஐஸ். "வேண்டாமடி," என்றார். அவர் அவளை 'டி' போட்டு அழைத்து எத்தனையோ வருடம். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டு ஸிப்பை ஒரே இழுப்பாக மேலே இழுத்தாள்.

தண்ணீர் வந்தது. வெள்ளைத் தரையோடுகளின் மேல் அவசரமில்லாமல் பரவி, இடைக்கோட்டைப் பிடித்துக்கொண்டு அவள் முழங்காலை நோக்கி ஓடியது. அது மழையில்லை என்பது மூக்குக்குத்தான் முதலில் தெரிந்தது. நாய் எழுந்து வந்து மோந்து, தலையை நிமிர்த்திப் பரராசசிங்கத்தைப் பார்த்தது.

"காற்சட்டை ஒழுகிவிட்டதா?" என்றாள் யானின் தாய்.

"ஓம்... யா," என்றாள் மிதுஷா. "மோசமான காற்சட்டை. ஒழுகிவிட்டது."

"யா, யா," என்றார் பரராசசிங்கம். "மழை."

ஹின்ரிஹ் காய்ந்த சுவெற்றரைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். கை கழுவப் போனார்.

யான் தன்னுடைய வீட்டுக் காற்சட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். பரராசசிங்கம் அதை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு, இடுப்பை ஒரு கையால் பிடித்தபடி மேசைக்கு வந்தார். யானின் தாய் நல்ல மனசுக்காரி. மற்றக் காற்சட்டை சீக்கிரம் காயட்டுமென்று அதை உட்புறம் வெளியே திருப்பி அடுப்புக்கு மேலே கம்பியில் போட்டாள்.

சாப்பாடு முடிந்தது. ஹின்ரிஹ் நாப்கினால் வாயைத் துடைத்தார். எழுந்து போய் அடுப்போரத்துக் கதிரையில் இருந்தார். மிதுஷாவுக்கு அது விளங்குவதற்குள் அவர் முழங்கால்களை அகட்டி, இரண்டு கையையும் தொடைமேல் வைத்து, தோளை ஒடுக்கி, கண்ணை விரித்து, மூச்சையும் பிடித்துக்கொண்டு கட்டையாகியிருந்தார். "பாராட்டுத்தான்," என்றார் வாயின் ஓரத்தால், அசையாமல். யான் வெடித்துச் சிரித்தான். தாயும் சிரித்தாள். எல்லோரும் பரராசசிங்கத்தைப் பார்த்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு மகளைப் பார்த்தார், இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்பது போல. மிதுஷா சிரித்தாள். சிரிப்பு நின்றால் ஏதாவது தெரிந்துவிடும் என்று நிறுத்தாமல் சிரித்தாள்.

ஹின்ரிஹின் தலைக்கு மேலே காற்சட்டையிலிருந்து ஆவி எழும்பத் தொடங்கியது. நாய் கதிரையடியில் போய்ப் படுத்து மூக்கை மேலே தூக்கியது.

யானின் தாய் தேநீர்க் கேத்தலோடு வந்தாள். பரராசசிங்கத்தின் கோப்பை முன்னமே ஒருமுறை நிரம்பி வெறுமையாகியிருந்தது. மிதுஷா மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி, அப்பாவின் கரண்டியை எடுத்து, அவருடைய கோப்பைக்குள் வைத்தாள்.

அவர் அதைப் பார்த்தார். ஊற்றுகிறவளுக்கு இடைஞ்சலாயிருக்குமென்று கரண்டியை வெளியே எடுத்து, நுனியைச் சுவெற்றரில் துடைத்து, தட்டில் ஒழுங்காக வைத்தார். கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தி யானின் தாயிடம் நீட்டினார்.