கூறு போட்ட தூக்கம்

எண்பத்து நான்காம் ஆண்டு தைப்பூசம் கழிந்த வியாழக்கிழமை, அமராவதியின் தூக்கம் அவள் இல்லாமல் தனியாகப் பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்தது. பட்டணத்திலிருந்து ரவாங் வழியாகப் பத்தாங் பெர்ஜுந்தாய் போகும் மத்தியான பஸ் அது. தோட்டத்துச் சந்திப்பில் யாரும் மணி அடிக்காமலே நின்றது. யாரும் இறங்கவில்லை. ஆனால் ஓர் ஆள் பாரம் குறைந்ததுபோல் பஸ் லேசாக மேலெழும்பியதைக் கண்டக்டர் செல்லன் கவனித்தார். தூக்கம் செம்மண் சாலையில் நடந்து, இரண்டாம் டிவிஷன் லயத்து வரிசை வீடுகளில் அவள் அப்பா சன்னாசியின் வீட்டுக்குள் நுழைந்து, அமராவதி பள்ளிக்கூடம் போன காலத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டது. அது வந்த வழியை, சாலை நெடுக உறங்கிக் கிடந்த நாய்களை வைத்துப் பிறகு கண்டுபிடித்தார்கள்.

அமராவதியின் அம்மா காளியம்மா செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு வந்தபோது, மெத்தை குழிந்திருந்ததைப் பார்த்தாள். முழங்காலை மடக்கி வலப்பக்கம் சாய்ந்து படுக்கும் ஆளின் குழி. மகள் அப்படித்தான் படுப்பாள். ஆஸ்பத்திரி மருந்து வாடை வேறு அடித்தது. தொட்டுப் பார்க்கலாம் என்று கையை வைத்தவள் கட்டில் காலோடு சாய்ந்து மறுநாள் காலைவரை தூங்கினாள். அவளை எழுப்ப வந்த சன்னாசியும் பக்கத்திலேயே சரிந்தார். இரண்டு பேரும் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கு வராததால், வேலையாட்களை மேய்க்கும் நாராயணசாமி மண்டோர் நேரே வீட்டுக்கு வந்தார்.

"என்னலா சன்னாசி, டாக்டரப் பெத்துட்டா தொரையாயிருவியா? பேர் கூப்பிட்டா பதில் சொல்ல ஆள் வேணாமா?" என்றபடி ஒரு காலை உள்ளே வைத்தார். அடுத்த காலை வைக்கவில்லை. பூட்சோடு வாசற்படியிலேயே படுத்துவிட்டார்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் நல்லசாமியை அழைத்து வந்தார்கள். அவர் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக நெடுநேரம் பார்த்தார். நோய் இல்லை என்றும், இது ஓர் ஆளின் தூக்கம் என்றும் சொன்னார். "நம்ம அமராவோடதுதான். அங்க அதுக்குப் படுக்க நேரம் குடுக்கல. பாவம், அதுவும் எவ்வளவு நாள்தான் வார்டு வாசல்ல நின்னுகிட்டே இருக்கும்? வீட்டுக்கு வந்துருச்சு."

அமராவதி அந்தத் தோட்டத்திலிருந்து டாக்டரான முதல் ஆள். படிப்பை முடித்துவிட்டுப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவள் படித்த வருஷங்களில் லயமே தன் ரேடியோக்களின் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தது. பரீட்சை அன்று வெள்ளம் வந்தபோது நாராயணசாமி மண்டோர்தான் மோட்டார் சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு பாலத்தைக் கடந்து, அவளைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார். பக்கத்து வீட்டு இராஜம்மா, குழந்தை அழுதால் அதைத் தூக்கிக்கொண்டு பனைக்காட்டுக்குள் போய்விடுவாள். அதனால் லயத்தில் அமராவதியைச் சன்னாசி மகள் என்று யாரும் சொல்வதில்லை. நம்ம டாக்டர் என்பார்கள்.

அடுத்த வியாழக்கிழமையும் தூக்கம் வந்தது. அதற்கு அடுத்த வாரமும் வந்தது. பழையது கிடந்த இடத்தின்மேல் புதியது படுத்தது. மாசி பிறப்பதற்குள் அறை நிரம்பி, சமையல்கட்டுவரை வழிந்துவிட்டது. அடுப்பில் வைத்த சோறு எடுக்க ஆளில்லாமல் ஆறிக் கிடக்கும். சன்னாசி கோழிக்கூட்டுப் பக்கம் பாய் விரித்து உட்கார்ந்து சாப்பிட்டார். இதை என்ன செய்வது என்று காளியம்மா யோசித்தாள். மகளுக்கு அரசாங்கம் தங்க இடம் கொடுத்திருக்கிறது, வெள்ளைக் கோட்டு கொடுத்திருக்கிறது. தூக்கம் மட்டும் கொடுக்காமல் இருக்குமா? அங்கே புதுசு கிடைத்திருக்கும், பழையதை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள், சின்னதாகிப் போன சட்டையை அனுப்புவதுபோல. அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. லயத்தில் வேறு யாருக்கும் வேறு மாதிரித் தோன்றவில்லை.

அந்த லயத்தில் முனியாண்டிக்கு ஆடு வெட்டினால் கறியைக் கூறு போடுவார்கள். ஆடு யாருடையது என்ற பேச்சே கிடையாது. வாழையிலைகளை வரிசையாக விரித்து, வீட்டுக்கு ஒரு கூறு. சண்டைபோட்டுப் பேச்சை நிறுத்திய வீட்டுக்கும் உண்டு. வாங்காமல் விடுவது குற்றம், கொடுக்காமல் விடுவது அதைவிடப் பெரிய குற்றம். காளியம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, வாசலில் வாழையிலைகளை விரித்து, அரிசி அளக்கும் பால் டின்னால் மகளின் தூக்கத்தை அள்ளிக் கூறு போட்டாள். மக்கள் கைலி மடியில் ஏந்திக்கொண்டு அவசரமாக நடந்தார்கள். வழியிலேயே சரிந்தவர்களும் உண்டு.

அந்த வருஷம் தோட்டம் நன்றாக இருந்தது. பூச்சிமருந்து அடித்துக் கை எரிச்சலில் புரண்டுகொண்டிருந்த பெண்கள் தூங்கினார்கள். ரவாங் தொழிற்சாலையில் ஷிப்டு பார்த்துவிட்டு வந்த பெண்பிள்ளைகள் பட்டப்பகலில், தகரக்கூரை வெயிலிலும் தூங்கினார்கள். கைக்குழந்தைகள் சதை போட்டன. கள்ளுக்கடையில் சண்டை குறைந்தது. செம்பனைக் குலை வெட்டும்போது கத்தி அலகு வழுக்கிக் காயம்பட்டவர் யாரும் இல்லை. துரை இதற்குக் காரணம் புது உரம் என்று எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார்.

எப்போதாவது அமராவதி தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி உமாபதியின் ஆபீசுக்குப் போன் பண்ணுவாள். காளியம்மா சேறு படிந்த காலோடு ஓடுவாள்.

"ரொம்பக் களைப்பா இருக்கும்மா."

"வேலைன்னா களைக்காமலா? சாப்டியா?"

"சாப்டேன்னுதான் நெனக்கிறேன்."

காளியம்மா இதை ஒரு வேடிக்கையாக இராஜம்மாவிடம் வந்து சொன்னாள். இருவரும் சிரித்தார்கள்.

பட்டணத்தில் நடந்தது அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அமராவதி பங்குனிக்குப் பிறகு தூங்கவே இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ராத்திரி முழுக்க ஆன்-கால் வேலை. இடைப்பட்ட நாளில், விடிந்ததும் எல்லாருக்கும் ரத்தம் எடுத்து முடிக்க வேண்டும், பெரிய டாக்டர் வரும்போது ஒவ்வொரு கட்டிலின் கதையையும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும், ஒன்றை மறந்தால் நோயாளிகள் முன்னால் திட்டு வாங்க வேண்டும். கூட வேலை பார்த்த சோமு ஒரு நாள் ஸ்டெதாஸ்கோப்பை நர்ஸ் மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவன் திரும்பவில்லை. அவனுடைய வார்டும் அவளுக்கு வந்தது. தூங்காத ஆள் என்று தெரிந்ததும் எல்லாரும் தங்கள் ஆன்-காலை அவளிடம் மாற்றிக்கொண்டார்கள். பெரிய டாக்டர் மற்றவர்களைப் பார்த்து, "இவளப் பாருங்க" என்றார். அவர் யாரையாவது பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தின நாள், அமராவதி வீட்டுக்கு வந்தாள். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். லயத்துப் பிள்ளைகள் நம்ம டாக்டர் என்று பின்னால் ஓடினார்கள். அவள் யாரையும் பார்க்காமல் நேரே கட்டிலுக்குப் போய், வலப்பக்கம் சாய்ந்து முழங்காலை மடக்கிக் கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் கழித்துத் தூங்காத அதே கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, இங்கதான வந்துச்சு? பஸ் ஏறுனத நானே பாத்தேன்."

காளியம்மா கையில் மாவோடு நின்றாள். "வந்துச்சு."

"எங்க?"

"கூறு போட்டுட்டேம்மா. வாராவாரம்."

"எனக்கு?"

"உனக்கு அங்கயே குடுப்பாங்கன்னு நெனச்சேன், கண்ணு."

அமராவதி கோபப்படவில்லை. கூரையைப் பார்த்தபடி பேசினாள். "சுங்கை பஞ்சாங்லேர்ந்து ஒரு மலாய்க்காரப் பெரியவரு, பாக் சிக், வந்திருந்தாரு. நெல்லு போடறவரு. போன வாரம் செத்துப் போனாரு. அவரு சம்சாரம் என் கோட்டப் புடிச்சிக்கிட்டு விடவே இல்ல. எனக்கு ஒண்ணுமே தோணலம்மா. ஒரு கட்டில் காலி, வராந்தாவுல கெடக்குற ஆள ஏத்தலாம்னு மட்டும் தோணுச்சு. அவரு மூஞ்சிகூட ஞாபகம் இல்ல."

காளியம்மா மாவுக் கையைத் துடைக்காமலே வீடு வீடாகப் போனாள். யாரும் தர மறுக்கவில்லை. டின்னைக் கவிழ்த்துக் காட்டினார்கள், தலையணையை உதறிக் காட்டினார்கள். தூங்கி முடித்த தூக்கத்தை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. நாராயணசாமி மண்டோர், "புள்ள சோத்தத் தின்னுட்டோமே" என்று சொல்லித் தன் வீட்டுச் சுவரில் தலையை இடித்துக்கொண்டார். இராஜம்மா தன் கொழுத்த கடைசிக் குழந்தையைப் பார்த்தாள்.

லயத்தின் கடைசி வீட்டில் அப்பளசாமி இருந்தார். முன்பு குலை வெட்டியவர். இருமலால் வருஷக்கணக்காகச் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருப்பவர். அவர் தன் கூறைத் தொடாமல் ஒரு பிஸ்கட் டின்னில் அடைத்து, சந்துக்கு மெழுகு பூசி வைத்திருந்தார். கடைசி நாளில் ஒரேயடியாகத் தூங்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதைத் தானே தூக்கி வந்து கட்டிலருகே வைத்தார்.

"உங்க சரக்குதான் டாக்டரம்மா. நான் சும்மா காவல் காத்தேன்."

"உங்களுக்கு வேணுமே தாத்தா."

"எனக்கு இருமறதுக்கே நேரம் பத்தல. நீ படு."

டின்னைத் திறந்தார்கள். அமராவதி தூங்கினாள். அந்தப் பிற்பகல் லயத்தில் யாரும் செருப்புப் போட்டு நடக்கவில்லை. சேவல்களைக் கூடையால் மூடினார்கள். தீபாவளி வெடியை ஒருவரும் கொளுத்தவில்லை. பலகாரம் சுட்ட எண்ணெய்கூடச் சத்தமில்லாமல் கொதித்தது. பொழுது சாயும்போது அவள் எழுந்து உட்கார்ந்து, அந்த நெல்லுக்காரரின் முகத்தை, அவருக்கு முன்பல் இரண்டு இல்லாததை, கதிர் அறுத்ததும் அரிசி கொண்டுவருவதாக அவர் சொன்னதை எல்லாம் நினைத்து அழ ஆரம்பித்தாள். தீபாவளி விடியும்வரை அழுதாள். காளியம்மா அவள் தலைக்கு எண்ணெய் வைத்தாள்.

"விட்டுரும்மா. நமக்கு இந்த வேல வேணாம். உதிரி பொறுக்கியாவது தின்னலாம்."

"நான் விட்டா இன்னொருத்திக்கு மூணு வார்டும்மா," என்று சொல்லிவிட்டு அமராவதி மத்தியான பஸ்ஸில் திரும்பிப் போனாள். கார்த்திகையில் அப்பளசாமி கண்ணைத் திறந்தபடியே செத்துப் போனார். நல்லசாமி டிரசர் எவ்வளவு முயன்றும் அவர் இமைகளை மூட முடியவில்லை. அப்படியே அடக்கம் செய்தார்கள்.

அதன்பிறகு லயத்தில் யாரும் ஒரு சிட்டிகைகூட எடுக்கவில்லை. வியாழக்கிழமை வந்த தூக்கத்தைக் காளியம்மா கைலியில் மூட்டையாகக் கட்டிப் பட்டணத்துக்குக் கொண்டுபோனாள். ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரர், பார்வையாளர் நேரத்தில் சோறு கொண்டுபோகலாம், பழம் கொண்டுபோகலாம், டாக்டர்களுக்குத் தூக்கம் கொண்டுபோகச் சட்டத்தில் இடமில்லை என்று மரியாதையாகவே சொன்னார். அவள் திரும்பக் கொண்டுவந்தாள். மறுவாரமும் போனாள், மறுவாரமும் திரும்பினாள். ஒரு தடவை மூட்டை கனக்கவே, திரும்பும் பஸ்ஸில் கடைசி வரிசை இருக்கையில் வைத்தாள். இறங்கும்போது அது அவளோடு வரவில்லை. அங்கேயே தங்கிவிட்டது.

செல்லன் அந்த இருக்கையை யாருக்கும் கொடுக்கவில்லை. டிரைவருக்குத் தூரமாக இருந்தது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. பஸ் கம்பெனி முதலாளி ஒருமுறை வந்து பார்த்தார், இருக்கைக்கு அருகில் போய்விட்டு மறுநாள் எழுந்தார், அதற்குப்பின் ஒன்றும் கேட்கவில்லை.

அமராவதியின் பயிற்சி முடிந்தது. வேறு வார்டு, வேறு ஆன்-கால், பிறகு மேற்பயிற்சி. ஓய்வு கிடைக்கும் நாளில் அவள் ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ் ஏறி, கடைசி வரிசைக்குப் போய், வலப்பக்கம் சாய்ந்துகொள்வாள். பஸ் ரவாங் தாண்டி, பனைக்காடுகளைத் தாண்டி, ஈயம் தோண்டிய பழைய குட்டைகளைத் தாண்டி பத்தாங் பெர்ஜுந்தாய் போய்த் திரும்பும். செல்லன் அவளிடம் டிக்கெட் கேட்பதில்லை. சந்திப்பில் இறங்குகிறாயா என்றும் கேட்பதில்லை.

சந்திப்பில் காளியம்மா நிற்பாள். பஸ் நின்றதும் கடைசி ஜன்னலுக்குப் போய், கண்ணாடியில் அழுந்தியிருக்கும் மகளின் கன்னத்தைப் பார்ப்பாள். தட்டமாட்டாள். தூக்குச்சட்டியைச் செல்லனிடம் கொடுத்து, "எந்திரிச்சா குடுங்க" என்பாள். செல்லன் அன்று மணியை அடிப்பதில்லை. டிரைவருக்குக் கையைத்தான் காட்டுவார். பஸ் போன பிறகு, படுத்த நாய்கள் எழும்வரை காத்திருந்துவிட்டு, காளியம்மா உதிரி பொறுக்கப் போவாள்.