பெயர் சொல்பவர் பணியிடம் காலியாக உள்ளது

கதைக்குள் நுழையுமுன் அந்த மருத்துவமனையைப் பற்றிச் சிலவற்றை அறிந்துகொள்ள வேண்டும். அங்கே சேர்க்கப்பட்டவரைப் பொழுது சாய்வதற்குள் ஒருவரேனும் பெயர் சொல்லி, மரியாதையோடு அழைக்க வேண்டும். அழைக்காவிட்டால் அவர் கட்டிலாகிவிடுவார். துணைக்கு வந்தவருக்கும் இதே விதிதான். ஆனால் அவர் ஸ்டூலாவார். தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டால் செல்லாது. முன்பு இதற்கென்றே பெயர் சொல்பவர் என்றொரு பணியிடம் இருந்தது. அவர் மாலைதோறும் வார்டு வார்டாகச் சென்று, கைகூப்பி, ஒவ்வொருவரையும் அழைத்துவிட்டு வருவார். அவர் ஓய்வு பெற்றபின் அவ்விடம் நிரப்பப்படவில்லை. அதன்பின் மருத்துவமனை கட்டில் வாங்கியதும் இல்லை. கட்டிலுக்குத் தட்டுப்பாடு வந்ததும் இல்லை.

இவ்வளவும் தெரிந்துதான் தையல்நாயகி, மூச்சிரைத்த கணவரைக் காலையில் அங்கே அழைத்து வந்தார். அந்த வட்டாரத்தில் வேறு மருத்துவமனை இல்லை. ஏழாம் இடம் வெறுந்தரையாக இருந்தது. பாயை விரித்துப் படுக்கச் சொன்னார் நர்ஸ்.

"சாயங்காலத்துக்குள்ள கட்டில் வந்துடும், கவலப்படாதீங்க."

தையல்நாயகி பாயை விரித்தார்.

அன்று முழுவதும் அவர் கணவர் ஏழாகவே இருந்தார். ஏழுக்கு ஊசி போடப்பட்டது. ஏழு கஞ்சி குடித்ததா என்று விசாரிக்கப்பட்டது. பெரிய டாக்டர், அவரது மார்பின்மேல் விரலை ஊன்றிக்கொண்டே, மாணவர்களிடம் ஏழின் நுரையீரலைப் பற்றிப் பேசினார். "ஏழோட ஆளு, கொஞ்சம் தள்ளுங்க" என்று தையல்நாயகியிடமும் சொல்லப்பட்டது. அவர் தள்ளி நின்றார்.

பிற்பகலில் கணவரின் பாதங்கள் சில்லிட்டன. போர்வையை விலக்கிப் பார்த்தார். கணுக்கால் வரை இரும்புக் குழாய். பச்சை வண்ணம் இன்னும் காயவில்லை. தொட்ட விரலில் ஒட்டியது.

கணவரின் பெயர் பூவராகன். அந்தப் பெயரைத் தையல்நாயகி ஒருமுறைகூட உச்சரித்ததில்லை. அதன் முதலெழுத்துக்கு அஞ்சியே, கடைத்தெருவிலும் "தலைக்கு வைக்கிறது ரெண்டு முழம் குடுங்க" என்றுதான் கேட்பார். எழுதிக் காட்டுவதும் சொல்வதற்குச் சமம் என்றே அவரை வளர்த்திருந்தார்கள். புகுந்த வீட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. மாமியாரின் பெயரும் தையல்நாயகி என்பதால், மணமான அன்றே மருமகளின் பெயரைச் செங்கமலம் என்று மாற்றினார்கள். பூவராகன் இரண்டு பெயரையும் பயன்படுத்தியதில்லை. "இந்தா" என்பார், அதுவே போதுமானதாக இருந்தது.

ஆறும் எட்டும் நேற்றே கட்டில்களாகிவிட்டதால், அக்கம்பக்கத்தில் கேட்பதற்கு ஆளில்லை. மூச்சிரைப்பில் கணவருக்குப் பேச்சு எழவில்லை. தையல்நாயகி நர்ஸின் பின்னால் ஓடினார்.

"சிஸ்டர், அவர ஒரு தடவ பேர் சொல்லிக் கூப்பிடுங்களேன். முழங்கால் வரைக்கும் வந்துடுச்சு."

"பேர் சொல்றது என் டூட்டி இல்லம்மா. ஒருத்தருக்குச் சொன்னா வார்டே வரிசையில நிக்கும்." நர்ஸ் அவர் முகத்தைப் பார்த்தார். "சரி, சொல்லுங்க. பேரு என்ன?"

தையல்நாயகி வாயைத் திறந்தார். பிறகு கையைக் கொண்டைக்குக் கொண்டுபோனார்.

"தலைக்கு வைப்போமே, முழம் போட்டு..."

"கனகாம்பரமா?"

"பொதுவாச் சொல்றது சிஸ்டர். அதுக்கப்புறம், பெருமாளு கடலுக்குள்ள போயி உலகத்தத் தூக்கியாந்தாரே, அந்த அவதாரம்."

"நரசிம்மனா?"

"இல்ல, மூஞ்சி வேற."

"ஏம்மா, எனக்கு இன்னும் பதினோரு பேருக்கு டிரிப் மாத்தணும். விடுகதைக்கு நாளைக்கு வாங்க."

நர்ஸ் போய்விட்டார். நாளைக்கு யார் இருப்பார்கள் என்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

வெயில் சன்னலின் கீழ்ப்பலகைக்கு இறங்கியது. இரும்பு இடுப்பைக் கடந்து மார்புக்கு வந்தது. வயிறு இருந்த இடத்தில் ரெக்சின் மெத்தை. அதில் ஏற்கெனவே யாரோ சிந்திய கஞ்சியின் கறை. பூவராகனின் கண்கள் மட்டும் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தன. தையல்நாயகி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். பின்பு அதை எடுத்துவிட்டுச் சொன்னார்.

"பூவராகன், எழுந்திரிங்க."

இரும்பு பின்வாங்கியது. மார்பு, வயிறு, தொடை எனப் பூவராகன் திரும்பி வந்து, பாயில் எழுந்து உட்கார்ந்தார்.

"தண்ணி கொண்டா" என்றார்.

தையல்நாயகியால் நகர முடியவில்லை. சேலையை உயர்த்திப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே மரம்.

"என்னப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. மரியாதையா. சீக்கிரம்."

பூவராகன் தொண்டையைச் செருமினார். "செங்கமலம், வாங்க."

மூன்றாம் கட்டிலின் அருகிலிருந்த பழைய ஸ்டூல் எழுந்து நின்றது. அதற்கும் செங்கமலம் என்றுதான் பெயர். மடிப்புக் கலைந்த சேலையைச் சரிசெய்துகொண்டு, "இதோ வந்துட்டேங்க" என்றது. தையல்நாயகியின் ஒரு கால் மட்டும் சற்றே இளகியது.

"அது நீங்க வச்ச பேரு. என் சொந்தப் பேரு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும். அம்மா பேரச் சொல்லியா உன்னக் கூப்பிடுறது?"

"நான் சொன்னேனே."

பூவராகன் வாயைத் திறந்தார். "தை..." என்றார். சன்னலைப் பார்த்தார். மறுபடியும் "தை..." என்றார். வெயில் பலகையிலிருந்து இறங்கிவிட்டது.

பின்னர் முடிவானவை வருமாறு. பூவராகனின் மூச்சிரைப்பு நீங்கியது. நோயாளியுடன் துணை ஒருவரே செல்லலாம் என்பது விதியாதலால், செங்கமலம் அவருடன் சென்றார். அப்பெயரோடு வந்தவர் என்பதால், அவ்வீட்டில் உப்பு ஜாடி எங்கே இருக்கிறதென்று அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. பெயர் சொல்பவர் பணியிடம் தேவையற்றதென நீக்கப்பட்டது. மாதந்தோறும் பரிசோதனைக்கு வரும் பூவராகன் ஏழாம் இடத்து ஸ்டூலில் உட்காருவதில்லை. ஒரு முழம் பூவை அதன்மேல் வைத்துவிட்டு, நின்றுகொண்டே இருப்பார். மற்றவர்கள் உட்காருகிறார்கள். ஸ்டூலின் கால்களில் மூன்று மரம். நான்காவதில் மெட்டி இருக்கிறது. காலையில் தரையைத் துடைக்க வருபவர் அதனருகில் வந்ததும், "கொஞ்சம் தூக்கிக்குங்கம்மா" என்பார். தையல்நாயகி காலைத் தூக்கிக்கொள்வார்.