உயிர் வந்த விமானம்

பர்மாப் பட்டாளமே, இது செத்துப்போனது என்று எழுதித் தள்ளிவிட்ட விமானத்தைக் காசு கொடுத்து வாங்க ஒரு கிறுக்கு வேண்டும். பசுந்தாங் பேட்டைச் செல்லக்கண்ணுவுக்கு அது நிறையவே இருந்தது. பழைய பஸ், ஜெனரேட்டர், டிராக்டர் என்று ஏலத்தில் எடுத்துப் பழுது பார்த்து விற்கிறவர் அவர். இரண்டு பேர் உட்காரும் இந்தப் பயிற்சி விமானத்தையும் இரும்போடு இரும்பாக எடுத்து, தன்லியினில் இருந்த தன் கொட்டகைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். மகன் முரளி அதோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டி இஞ்சினைச் சரிசெய்துவிட்டான்.

விமானம் கிடக்கட்டும், அவருக்கு மகன்தான் முக்கியம். வயசுப் பையன்களைக் கட்டாயப் பட்டாளத்துக்கு வீடு வீடாக அள்ளிக்கொண்டிருந்த நேரம். லான்மடாவ் வியாபாரி ஷாநவாஸ் ஒரு வழி சொன்னார். தாய்லாந்தில் ஆசைக்கு விமானம் ஓட்டுகிறவர்களின் கிளப் ஒன்று இதை வாங்கிக்கொள்ளும். கழற்றிக் கப்பலில் ஏற்றும்போது, அங்கே பூட்டிக்கொடுக்கிற மெக்கானிக் என்று முரளியும் ஏறிவிடலாம். அதற்குப் பிடிக்கவேண்டிய ஆளையெல்லாம் ஷாநவாஸ் பிடித்துவைத்திருந்தார்.

"ஒண்ணே ஒண்ணுதாண்ணே," என்றார் ஷாநவாஸ். "இஞ்சின் இங்க செத்ததாவே இருக்கட்டும். அக்கரை போயி உசுரு வரட்டும். பட்டாளத்துல ரிப்பேர் பாக்க ஆளில்ல. ஓடுதுன்னு தெரிஞ்சா திருப்பித் தூக்கிட்டுப் போயிருவானுங்க."

செல்லக்கண்ணு தலையை ஆட்டினார். தலையை ஆட்ட என்ன செலவு?

அவர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கொட்டகையை விட்டு எந்த வண்டி போனாலும் மாலை போட்டு, தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டி தானாக ஓடி அதை நசுக்க வேண்டும். பூசை போடாமல் அனுப்பிய ஒரு பஸ் பகோ ஆற்றுப் பாலத்தில் முட்டி, டிரைவர் போய்ச்சேர்ந்த நாளிலிருந்து இதில் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. இப்போதோ பெற்ற பிள்ளையே கூடப் போகிறான்!

விமானத்தைக் கழற்ற வேண்டிய காலையில் பூசாரி அப்பாசாமியைக் கையோடு அழைத்துவந்துவிட்டார்.

"தள்ளி நசுக்கலாம்ப்பா," என்றான் முரளி. "ஷாநவாஸ் மாமா என்ன சொன்னாரு?"

"தள்ளிக்கிட்டுப் போறதுக்கு இது என்ன பொணமாடா? நீ போற வண்டி. ஒரே நிமிசம். பக்கத்து பாக்டரி போடுற சத்தத்துல எவனுக்குக் கேக்கப்போவுது?"

முரளி ஏறி உட்கார்ந்து முடுக்கினான். அடேயப்பா! தூசி கிளம்பியது, அப்பாசாமி தட்டில் கற்பூரம் அணைந்தது, பழங்கள் நசுங்கின. செல்லக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டிலிருந்த மனைவி சாந்தகுமாரி பார்க்கட்டும் என்று போனில் வீடியோப் படமெடுத்து அனுப்பினார். பெற்றவளுக்குப் பெருமை இருக்காதா? அவள் தங்கைக்கு அனுப்பினாள், தங்கை மகள் ஃபேஸ்புக்கில் போட்டாள், பொழுது சாய்வதற்குள் அது ஊரைச் சுற்றிவிட்டது. சத்தத்தை யோசித்த மனுசன் படத்தை யோசிக்கவில்லை, பாருங்கள்!

மறுநாள் ஒரு ஜீப்பும் லாரியும் வந்து நின்றன. இறங்கிய அதிகாரி சிரித்த முகத்தோடு அந்தப் படத்தைக் காட்டினார்.

"ஊ செல்லக்கண்ணு, எங்கள் ஆட்களால் முடியாததைச் செய்தது யார்?" என்று மரியாதைக்கு 'ஊ' போட்டுப் பர்மியில் கேட்டார்.

"நான்தான்." முரளியை மறைத்துக்கொண்டு நின்றார் செல்லக்கண்ணு.

"அப்படியா? ஏறி முடுக்கிக் காட்டுங்கள்."

லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஏறினார். ஆயுசு முழுக்க இஞ்சின் விற்றவருக்கு இதில் எதைத் தொடுவது என்று தெரியவில்லை. ஒரு விசையைத் தட்டினார், இன்னொன்றை இழுத்தார். முனகல்கூட இல்லை. ஓடித்தொலையேன், அவனை விட்டு என்னைக் கொண்டுபோகட்டும் என்று அதனிடம் கெஞ்சினார். சிப்பாய்கள் சிரித்தார்கள்.

"அப்பா, எறங்குப்பா," என்றான் முரளி.

அவன் ஏறினான். தொட்டதும் பிடித்துக்கொண்டது. அதிகாரி கைதட்டினார்.

"கவலைப்படாதீர்கள் ஊ. உங்கள் மகன் துப்பாக்கி தூக்க வேண்டாம். இறக்கைக்கடியில் குண்டு மாட்ட எங்களுக்கு ஆள் இருக்கிறது. இஞ்சினை மட்டும் அவன் பார்த்துக்கொண்டால் போதும்."

இறக்கையைக் கழற்றி விமானத்தை லாரியில் ஏற்றினார்கள். ஜீப்பில் உட்காரவைக்கப்பட்ட முரளி, சிப்பாய்களுக்குப் புரியாது என்ற தைரியத்தில் தமிழில் சொன்னான்: "அப்பா, அது ரொம்ப தூரம் பறக்காது. நான் பாத்துக்கிறேன்."

செல்லக்கண்ணுவுக்குப் புரிந்துவிட்டது. ஒரு போல்ட்டைத் தளர்த்தினால் போதும், விமானம் விழும். விழுந்தால் மகனைச் சுட்டுப்போடுவார்கள். நகர்ந்த ஜீப்பின் பின்னால் ஓடினார்.

"வேணாண்டா! ஒழுங்காப் பாருடா! நல்லா ஓடணும்டா அது, கேக்குதா? ஒரு நாளும் விழக்கூடாதுடா!"

அது குண்டு போடும்போது கீழே எந்த ஊர் இருக்கும், யார் பிள்ளைகள் இருப்பார்கள் என்று அப்போது அவர் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.