ஆடு விரட்டிய சத்தம்

எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டிலிருந்து வெளிநாடு போனவர்களுக்கு வீட்டுப் படங்களும் குரல்களும் அனுப்ப நான் எழுதிய வலைத்தளம் தினமும் நின்றுபோனது. காலையில் சர்வரைத் திட்டிக்கொண்டே மறுபடி ஓடவிடுவேன்.

வெள்ளிக்கிழமை வெறுத்துப்போய், சர்வர் எந்தெந்தக் கோப்புகளைத் திறந்தே வைத்திருக்கிறது என்று பார்த்தேன். திரை முழுக்க ஒரே கோப்பு. யாராவது கேட்கும்போதெல்லாம் அதைத் திறக்கச் சொன்ன நான், கேட்டு முடித்ததும் மூடச் சொல்லவில்லை. திறந்தவை குவிந்து சர்வர் படுத்துவிட்டது.

அந்தக் கோப்பு, கொத்தமல்லிப் பாத்தியில் மேய்ந்த ஆட்டை விரட்டி நான் கத்திய சத்தம். கை தவறிப் பதிவாகி, குவைத்தில் இருக்கும் என் கணவர் பிலாலுக்குப் போய்விட்டது. அவரைத் தவிர யாராலும் அதைத் திறக்க முடியாது. கரண்ட் பில்லைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுகிற மனிதர்.

கோப்பை மூடும் வரியை நிரலில் சேர்த்தேன். ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் அழைத்தார்.

"கரண்ட் பில் கட்டியாச்சா?"

"கட்டியாச்சு மச்சான். சைட் இனிமே நிக்காது. நான் ஆடு வெரட்டுறத எத்தன தடவ வேணும்னாலும் கேளுங்க."

போனை வைத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"அந்த ஆடு இப்பவும் வருதா?" என்றார்.