மதகு எங்களுக்கு வேணும்

1

இந்தக் கதை ஒரு மொழிபெயர்ப்புக் கோளாறில் பிறந்தது. பாகாலா ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது யாரோ சொன்னார். பாதி கேட்பதற்குள் ரயில் வந்துவிட்டது. மீதி என் கைச்சரக்கு.

2

'குடிபாலாவுக்குத் தெற்கே, மாலை மயங்கும் வேளையில்...' (வேண்டாம். இப்படித் தொடங்கினால் காதல் வந்துவிடும்.)

நேராகவே சொல்கிறேன். குடிபாலா பக்கம் மதகு என்று ஓர் ஊர். ஏரிக்கரையில் மதகு இருந்ததால் ஊருக்கும் அதே பெயர். மதகுக்குப் போகிறேன் என்று ஒருவர் கிளம்பினால் வீட்டுக்கா, தண்ணீர் திறக்கவா என்று யாரும் கேட்டதில்லை. கையில் மண்வெட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள்.

3

ஆந்திரா, மதராஸ் எல்லையைப் பிரிக்க அதிகாரி வந்தார். ஊர் சார்பில் தாட்சாயணி பேசினாள். ஒண்டியாக நெல் பயிரிடுகிறவள், யாருக்கும் பயந்து பேசுகிறவள் இல்லை.

"மதகு மதராஸோட சேரணும் சாமி. மதகு எங்களுக்கு வேணும்."

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. உடன் வந்த ரங்கையா எதையும் மொழிபெயர்க்காமல் விடாத மனுஷர். ஊர்ப் பெயரையும் விடவில்லை.

"மதராஸுக்கி தூமு காவாலண்ட்டா சார்" என்றார்.

தூமு என்றால் தெலுங்கில் தண்ணீர் போகிற மதகுதான். ஊரையே விட்டுவிட்டு மதகை மட்டும் கேட்கிறார்களே, பாவம், என்று அதிகாரி நெகிழ்ந்துபோனார். ஊரும் ஏரியும் ஆந்திராவுக்குப் போயின. மதகு மட்டும் மதராஸுக்கு.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: ரங்கையாவைக் கெட்டவராக்க எவ்வளவோ முயன்றேன். ஒவ்வொரு முறையும் மோர் வாங்கிக் குடித்துவிட்டு நல்லவராகவே திரும்பி வந்தார்.)

4

கதிர் பால் பிடிக்கும் நேரம். தாட்சாயணியின் வயல் வெடித்துக் கிடந்தது. மூடிய மதகின்மேல் மதராஸ் காவலாள் வேதாச்சலம் குடை பிடித்து உட்கார்ந்திருந்தான்.

"மதகு எங்குளுது. மேல கேட்டுக்கினு கீறாங்க. உத்தரவு வரட்டும்மா."

"தண்ணி யாருது?"

"அது உங்க ஆந்திராவுது."

"அப்ப கல்ல நீ வெச்சிக்க. தண்ணிய வுடு."

வேதாச்சலம் யோசித்தான். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் திறந்துவிட்டால் அவன் வேலை போய்விடும்.

5

முடிவு ஒன்று: உத்தரவு வருகிறது, அறுவடை முடிந்த மறுநாள்.

முடிவு இரண்டு: இரண்டு ராஜ்ய அதிகாரிகளும் காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் நின்று, தண்ணீர் பொதுவென்று சத்தியம் செய்து... (பிள்ளையாரே சிரித்துவிடுவார்.)

மூன்றாவதை எழுத உட்கார்ந்தபோது தாட்சாயணி குறுக்கே வந்தாள்.

"நீ கதைய எப்பனா முடிச்சிக்க நைனா. பயிரு இன்னிக்கி சாவுது."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மதகில் இறங்கிவிட்டாள். வேதாச்சலம் குடையை அந்தப் பக்கம் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டான். அவனால் முடிந்த உதவி அது. மதகை அடைத்திருக்கும் பலகை தண்ணீரில் ஊறிக் கனக்கிறது, ஒருத்தியால் தூக்க முடியவில்லை. நான் எழுதிக்கொண்டிருக்கிறேன், கை காலியில்லை. வாசகரே, நீங்கள் இந்தப் பக்கத்தைத்தானே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? கீழே வையுங்கள். வந்து பலகையின் மறுமுனையைப் பிடியுங்கள்.